பறக்கும் தட்டுக்குக் கிளியரன்ஸ் தேவையில்லை

வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்தார்களா இல்லையா என்று அமெரிக்கா இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. 2023 ஜூலையில் விமானப்படையின் முன்னாள் உளவு அதிகாரி டேவிட் க்ரஷ், காங்கிரஸ் குழுவின் முன் சத்தியம் செய்து, விழுந்த கலங்களையும் அவற்றில் வந்த மனிதரல்லாத உடல்களையும் அரசு ஒளித்து வைத்திருக்கிறது என்றார். தான் கண்ணால் காணவில்லை, கண்டவர்கள் சொன்னார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். செப்டம்பரில் நாசா அமைத்த குழு அறிக்கை கொடுத்தது: ஆதாரம் இல்லை. 2024 மார்ச்சில் பென்டகன், 1945 வரைக்கும் பின்னால் போய்ப் பழைய கோப்புகளைத் தூசு தட்டிவிட்டு, அதையே சொன்னது.

இவ்வளவு காசைக் கொட்டி 'இல்லை' என்ற ஒரு சொல்லை வாங்குவதற்குப் பணக்கார நாடாக இருக்க வேண்டும். நாங்கள் கடன்பட்ட நாடு. எங்களுக்கு அந்த ஆடம்பரம் கட்டாது. ஆகவே இலங்கைக்கு வந்தார்கள். எங்கே இறங்கினார்கள் என்பதும் தெரியும். கேட்டால் எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்றுகூடச் சொல்லுவோம்.

அநுராதபுரத்தில் திஸ்ஸ வாவிக்குப் பக்கத்தில் ரன்மசு உயன என்றொரு பழைய அரச தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு பாறை முகத்தில் ஏறக்குறைய ஆறடி அகலத்தில் ஒரு வட்டம் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளுக்குள் வட்டங்கள், குறுக்குக் கோடுகள், ஓரத்தில் மீன் போன்ற உருவங்கள். தொல்பொருள் ஆணையாளராக இருந்த எச்.சி.பி. பெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைப் பார்த்து, இது பழங்காலத்து உலகப் படமாக இருக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். பாவம், அவருக்கு யூரியூப் கிடைக்கவில்லை. இன்றைக்கு அது நட்சத்திர வாசல். எதிரே கல்லில் செதுக்கிய ஆசனங்கள் இருக்கின்றன. அவற்றில் உட்கார்ந்து உரிய இரகசியக் குறியீட்டைப் போட்டால் கதவு திறக்குமாம்.

பொலன்னறுவை மாவட்டத்தில் அரலகங்விலப் பக்கம் தனிகல. வட்டமான பாறைக் குன்று. வட்டமாக இருந்துவிட்ட குற்றத்துக்காக அதற்கு 'ஏலியன் மலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே பக்கத்தில்தான் 2012 டிசம்பர் 29ஆம் திகதி வானத்திலிருந்து கல் விழுந்தது என்றார்கள். கல் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போய், அங்கிருந்து பிரித்தானியாவின் கார்டிஃபுக்குப் போய், பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்கவின் கையில் சேர்ந்தது. கொழும்பில் பிறந்தவர், பூமிக்கு உயிர் வந்ததே விண்வெளியிலிருந்துதான் என்று வானியலாளர் ஃபிரெட் ஹொயிலோடு சேர்ந்து வாதாடியவர். கல்லுக்குள்ளே டயற்றம் என்னும் நுண்பாசியின் ஓடுகள் இருக்கின்றன, ஆகவே விண்ணில் உயிர் இருக்கிறது என்று அடுத்த மாதமே கட்டுரை வந்தது. அவை நன்னீர்ப் பாசிகள், அது விண்கல்தானா என்பதே சந்தேகம் என்று மற்ற விஞ்ஞானிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பராக்கிரம சமுத்திரம் கிடக்கும் மாவட்டத்தில் பொறுக்கிய கல்லில் குளத்துப் பாசி இருக்கிறதென்றால், குளம்தான் வானத்திலிருந்து வந்திருக்க வேண்டும்!

தனியார் கிறுக்கு என்று இதையெல்லாம் விட்டுவிடலாம். அரசாங்கம் பின்தங்கியா நிற்கும்? 2019 ஜூலையில் கட்டுநாயக்கவில் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை ஒரு மாநாடு கூட்டியது. வரலாற்றாளர், தொல்லியலாளர், விமானத்துறை வல்லுநர் எல்லாரும் கூடிப் பேசி, இராவணன் 5000 வருடங்களுக்கு முன் இங்கிருந்து இந்தியாவுக்குப் பறந்துபோய்த் திரும்பி வந்தான் என்று முடிவுகட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே அதிகாரசபை பத்திரிகையில் விளம்பரம் போட்டது: இராவணனைப் பற்றியும் தொலைந்துபோன பண்டைய வான்வழிகளைப் பற்றியும் ஆவணங்களோ நூல்களோ வைத்திருக்கும் பொதுமக்கள் தந்துதவ வேண்டும்.

விமானங்கள் பத்திரமாக ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் நிறுவனம் இது. அதனிடம் இன்னொரு விமானத்தைப் பற்றி விசாரிக்கலாம். 1998 செப்டம்பர் 29. லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்டது. உள்ளே 55 பேர். ஏறியவர்கள் இறங்கவில்லை. மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்தது. புலிகள் ஏவுகணையால் சுட்டார்கள் என்று சொல்லப்பட்டது. சிதைவு இரணைதீவுக் கடலில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்க 2012 ஆகிவிட்டது. கடலடியிலிருந்து எடுத்த உடுப்புகளை உறவினர்களிடம் காட்டி, இது உங்களுடையதா என்று கேட்டார்கள். இராவணனின் விமானம் போன பாதை 5000 வருடங்களுக்குப் பிறகும் இவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அட்டவணை போட்டு, டிக்கெட் விற்று, பயணிகளின் பெயர்ப்பட்டியலும் எழுதிப் பறந்த விமானம் விழுந்த இடம் தெரிய 14 வருடம்.

அப்படியொரு விமானத்தில் ஏறுவது எப்படி என்பது வெள்ளவத்தையில் வசிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். போர்க்காலத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறப்பதென்றால் இரத்மலானைதான். வெள்ளவத்தையில் 101ஆம் இலக்க பஸ் பிடித்தால் தெஹிவளை, கல்கிசை, அடுத்தது இரத்மலானை. அரை மணித்தியாலம். ஆனால் அந்த நாட்களில் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் பாதுகாப்பு அமைச்சின் 'கிளியரன்ஸ்' எடுக்க வேண்டும். தாய் செத்த வீட்டுக்குப் போகிறவனும் எடுக்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் கடிதம், போகும் காரணம், தங்கும் முகவரி எல்லாம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிளியரன்ஸ் வரும்போது தாயின் எட்டுச் செலவும் முடிந்திருக்கும்.

பக்கத்து நட்சத்திரமான புரொக்சிமா செண்டோரி நாலே கால் ஒளியாண்டுத் தூரத்தில் இருக்கிறது. 1977இல் புறப்பட்ட வொயேஜர்-1 தன் வேகத்திலேயே அவ்வளவு தூரம் போக 70,000 வருடத்துக்கு மேல் ஆகும். அப்பேர்ப்பட்ட தூரத்தைத் தாண்டி வந்தவன் நேரே அநுராதபுரத்தில் இறங்கியிருக்கிறான். ஒரு சோதனைச்சாவடியிலும் அவனை மறித்து 'கொஹெத யன்னே?' (எங்கே போகிறாய்?) என்று எவரும் கேட்கவில்லை. கிராம சேவகர் கடிதம் கேட்கவில்லை. அவன் வந்ததற்கு ஒரு வட்டம் போதும், சாட்சியாக. போர்க்காலத்தில், கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் குடியிருக்கிறேன் என்று ஒருவன் நிரூபிப்பதற்கு மின்சாரப் பட்டியல், வாடகை ஒப்பந்தம், பொலிஸ் பதிவு, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், அதற்கு மேல் ஒரு சிங்களவரின் சிபாரிசு எல்லாம் வேண்டியிருந்தது.

அதுவும் போதாமல் போனது 2007 ஜூன் 7. விடியுமுன் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் பொலிஸார் கதவைத் தட்டினார்கள். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவன், ஆஸ்பத்திரிக்கு வந்த கிழவி, வேலை தேடி வந்த பெடியன் என்று 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் கொண்டுபோனார்கள். தகுந்த காரணமில்லாமல் கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்பது குற்றம். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது; பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வருத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. சொந்த நாட்டின் தலைநகரில் இருப்பதற்குத் தகுந்த காரணம் எது என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டக் கூடாது. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து, கையில் இருந்ததையும் பறித்துக்கொண்டு அனுப்பியவர்கள் புலிகள், தமிழில்தான் கட்டளையிட்டார்கள். வடக்கு முழுவதிலுமாக எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் துரத்தப்பட்டார்கள். கொழும்புப் பொலிஸ் அந்தப் பாடத்தைப் பதினேழு வருடம் கழித்துச் சிறு அளவில் நடத்திப் பார்த்தது, அவ்வளவுதான்.

ஆதாரத்தை விழுங்கும் விஷயத்திலும் நாங்கள் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில், வங்கியில் வேலைபார்த்து ஓய்வெடுத்த பெரியவர் ஒருவர் தினமும் போனை நீட்டுவார்.

"தம்பி, தஞ்சாவூர்க் கோயிலைப் பார். அந்தக் கல்லை மனிசன் ஏத்தியிருப்பானோ? மேல இருந்து வந்தவங்கள் ஏத்தினது."

"அங்கிள், ராஜராஜன்தான் கட்டினது எண்டு கல்லிலயே வெட்டி வைச்சிருக்கிறாங்களே. ஆர் என்ன குடுத்தது எண்ட கணக்கும் கிடக்கு."

"அது வெளியில சொல்லுற கணக்கு."

கல்வெட்டில் பேர் போட்டு, ஊர் போட்டு, கொடுத்த விளக்குக்கும் ஆட்டுக்கும் கணக்கு எழுதிவைத்த தமிழ்க் கொத்தனின் உழைப்பை, முகம் தெரியாத விண்வெளிக்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நாங்கள் மூத்தகுடி என்று மீசையை முறுக்குகிறோம். இராவணன் விஷயத்தில் சண்டையே அவன் பறந்தானா என்பதில் இல்லை, சிங்களவனாய்ப் பறந்தானா தமிழனாய்ப் பறந்தானா என்பதில்தான். ஒற்றுமை வேண்டும் என்று கேட்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்: பொய்யில் மட்டும் எங்களுக்குள் இனப்பிரச்சினை இல்லை.

அமெரிக்காவில் 1961இல் பெற்றி ஹில், பார்னி ஹில் என்ற தம்பதி, நியூ ஹாம்ப்ஷயர் வீதியில் இரவில் காரில் போனபோது பறக்கும் தட்டில் வந்தவர்கள் தங்களைக் கடத்தி, பரிசோதித்துத் திருப்பி விட்டார்கள் என்றார்கள். புத்தகம் வந்தது, படம் வந்தது. அந்த விண்வெளிக்காரர்களின் ஒழுக்கத்தைக் கவனியுங்கள். திருப்பி விட்டார்கள். கொழும்பில் கடத்த வந்த வாகனம் வெள்ளை வான். இலக்கத்தகடு இருக்காது. ஒளிவெள்ளமும் இருக்காது. பட்டப்பகலில், சோதனைச்சாவடிகளுக்கு நடுவில் வந்து, சாவகாசமாக ஏற்றிக்கொண்டு போகும்.

2006 டிசம்பர் 15. கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சி. இரவீந்திரநாத் கொழும்பு 7இல் ஒரு கூட்டத்துக்குப் போனார். என்ன கூட்டம் தெரியுமா? இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். நாட்டிலேயே ஆகக் கடுமையான காவல் இருந்த பகுதி. விஞ்ஞானிகள் கூடிய இடத்துக்குப் போன விஞ்ஞானி வீடு திரும்பவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர் பகல் வெளிச்சத்தில் இல்லாமல் போனதை விளக்க எந்த மாநாடும் கூடவில்லை, எந்த அதிகாரசபையும் பத்திரிகையில் விளம்பரம் போடவில்லை.

2008, 2009 ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேரைக் கடத்தினார்கள். குடும்பங்களிடம் கப்பம் கேட்டார்கள். கடத்தியது கடற்படையினர் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே கண்டுபிடித்தது. திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள்ளே இருந்த இரகசியச் சிறையை 2015 நவம்பரில் ஐ.நா. குழு நேரில் போய்ப் பார்த்தது. இடம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, தொலைபேசிப் பதிவு இருக்கிறது. 2021இல் முன்னாள் கடற்படைத் தளபதி மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார். அநுராதபுரத்துப் பாறைக்கு ஒரு வட்டம் போதுமாக இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சிறைச்சாலையே போதவில்லை.

ஆதாரத்தை எடைபோடத் தெரியாத நாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. நன்றாகத் தெரியும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் மாக்கட்டி ஒன்று கிடந்தது. அது சிங்களவரை மலடாக்கும் மருந்து என்று சொன்ன மாத்திரத்தில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் வெறும் மா என்று எழுதிக் கொடுத்தார், எரிந்தது எரிந்ததுதான். வேண்டியதென்றால் மாக்கட்டி ஆதாரம். வேண்டாததென்றால் மனிதனே ஆதாரமில்லை.

இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி 1950இல் லொஸ் அலமொஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி போட்டார். அண்டம் இவ்வளவு பெரிதென்றால், இவ்வளவு பழையதென்றால், எல்லாரும் எங்கே? எழுபத்தைந்து வருடமாக விஞ்ஞானிகள் அதற்குப் பதில் தேடுகிறார்கள். சூரியக் குடும்பத்துக்கு வெளியே 6000க்கும் மேற்பட்ட கிரகங்களை உறுதிப்படுத்திவிட்டார்கள். ஒன்றிலிருந்தும் குரல் இல்லை. ஒருவேளை மிகத் தூரத்தில் இருக்கலாம், ஒருவேளை அழிந்திருக்கலாம், ஒருவேளை ஒருவருமே இல்லாமல் இருக்கலாம். நேர்மையான மௌனம் அது. அதற்கு முன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில் வெட்கமில்லை.

அதே கேள்வியைக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் தாய்மார் வீதியோரக் கொட்டிலில் இருந்து கேட்கிறார்கள். எங்கே? ஒவ்வொருத்தியின் மடியிலும் சட்டம் போட்ட ஒரு படம். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. இவர்களின் பிள்ளைகள் ஒளியாண்டுத் தூரத்தில் தொலைந்தவர்கள் இல்லை. பலரை, போர் முடிந்த 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் இராணுவத்திடம் தாய்மாரே கையைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றார். எப்படி இறந்தார்கள், யார் கையில், எந்த இடத்தில் என்ற விவரம் அதில் கிடையாது. ஆயிரக்கணக்கானவரின் மரணத்தை ஒரே வசனத்தில் முடித்தாயிற்று. அந்தக் கொட்டிலில் இருந்தபடியே செத்துப்போன தாய்மாரும் இருக்கிறார்கள்.

இரத்மலானையைத் தாண்டி அதே பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் போனால் கட்டுபெத்தை. அங்கே விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் பேரில் நிறுவனம் இருக்கிறது. ஜப்பான் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது. 1956இல் இங்கே வந்து குடியேறி, 2008இல் கொழும்பிலேயே கண்ணை மூடியவர் கிளார்க். தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு மூன்று விருப்பங்களைச் சொன்னார். வேற்றுலக உயிருக்கு ஒரு தடயம் கிடைக்க வேண்டும். மனிதகுலம் எண்ணெய்க்கு அடிமையாய் இருப்பதை விட வேண்டும். இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். வாழ்நாள் முழுக்க அண்டத்தை எழுதிய மனிதருக்கு வேற்றுலகத்தவரையும் இலங்கைச் சமாதானத்தையும் ஒரே பட்டியலில் போடத் தோன்றியது. நடக்கக்கூடியது எது என்று எங்களை அவர் சரியாகவே அளந்திருக்கிறார்.

விண்வெளியை ஆராயாதே என்று நான் சொல்லவில்லை. கட்டுபெத்தையில் தொலைநோக்கியைத் துடைத்து வைத்திருப்பவருக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். அவர் காணாததைக் கண்டேன் என்று சொல்வதில்லை. ஆத்திரம் வருவது, மேலே பார் மேலே பார் என்று விரலைக் காட்டிவிட்டுக் கீழே மண்ணைப் போட்டு மூடுகிறவர்கள் மேல். 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் சித்துபாத்தி மயானத்துப் பக்கம் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன. 200க்கும் மேல். குழந்தைகளுடையதும் உண்டு. ஒரு நீலப் பள்ளிக்கூடப் பையும் ஒரு பொம்மையும் வந்தன. தோண்டுவதற்குக் காசு வேண்டும் என்று கட்டம் கட்டமாக நிறுத்தி நிறுத்தி, கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது.

ஆகவே சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்கு ஒரு யோசனை. உங்கள் பழைய விளம்பரத்தை எடுங்கள். அதே அளவு, அதே எழுத்து, மூன்று மொழியிலும். இராவணன் என்ற பெயரை மட்டும் வெட்டிவிட்டு, தொலைந்துபோனவர்களைப் பற்றிய ஆவணம் வைத்திருப்போர் தந்துதவவும் என்று போடுங்கள். 2009 மே 18இல் வட்டுவாகலில் எடுத்த பெயர்ப்பட்டியல், பஸ்களின் இலக்கம், முகாம்களின் வரவுப் பதிவேடு, வெள்ளை வானுக்கு எரிபொருள் போட்ட பற்றுச்சீட்டு, எது கிடைத்தாலும் நல்லது. ஆவணம் 5000 வருடப் பழையது இல்லை; ஓலைச்சுவடி படிக்கத் தெரிந்தவர் தேவையில்லை. அலுமாரியின் திறப்பு உள்ளவர் வந்தால் போதும். அவர் எந்தக் கிரகத்துக்கும் போய்விடவில்லை. மாதம் பிறந்ததும் இதே நாட்டுத் திறைசேரியிலிருந்து, கணக்குப் பிசகாமல், பென்சன் எடுத்துக்கொண்டிருக்கிறார்.